ஜெர்மனியின் முதல் தனியார் வானொலி எது? மூன்று நாட்டு எல்லையில் பிறந்த ரேடியோ ட்ரையெக்லாண்டின் வரலாறு

"ஜெர்மனியில் 1980-கள் வரை தனியார் வானொலியே கிடையாது என்கிறார்களே, பிறகு எப்படி வந்தது, முதலில் வந்த நிலையம் எது?" என்பது கேள்வி. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை ஒன்று, எனக்குச் சரியென்று படும் விடை வேறொன்று. முதலில் வழக்கமானதைச் சொல்லிவிடுகிறேன்.

1984 ஜனவரி 1 அன்று லுட்விக்ஸ்ஹாஃபன் நகரில், கேபிள் வழியாகத் தனியார் நிகழ்ச்சிகளை வீடுகளுக்கு அனுப்பிப் பார்க்கும் சோதனைத் திட்டம் ஆரம்பித்தது. 1985 மே மாதம் மியூனிக்கில் சில தனியார் நிலையங்கள் பண்பலைக்கு வந்தன, அதுவும் ஒரே அலைவரிசையை நேரம் பிரித்துக்கொண்டு. 1986-இல் ரைன்லாந்து-ஃபால்ட்ஸ் மாநிலத்திலும், ஜூலை 1 முதல் வடக்கே ஷ்லேஸ்விக்-ஹோல்ஸ்டைனிலும் மாநிலம் முழுக்கக் கேட்கும் தனியார் வானொலிகள் வந்தன. அந்த ஆண்டின் கடைசி நாளில் ஹாம்பர்க்கும் லோயர் சாக்சனியும் சேர்ந்துகொண்டன. தேர்வுக்குப் படிப்பவருக்கு இவ்வளவு போதும்.

ஆனால் இந்தப் பட்டியல் உரிமம் வாங்கியவர்களின் பட்டியல். அரசின் கையிலும் இல்லாமல், பொது நிறுவனத்தின் கையிலும் இல்லாமல், சாதாரண மக்கள் தாங்களே ஒரு டிரான்ஸ்மிட்டரை வைத்து ஜெர்மானியக் கேட்பவர்களுக்காகத் தொடர்ந்து நடத்தி, கடைசியில் உரிமமும் வாங்கி இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் நிலையம் என்று பார்த்தால், அது ஃப்ரைபுர்க் நகரின் ரேடியோ ட்ரையெக்லாண்ட். அதன் முதல் ஒலிபரப்பு 1977 ஜூன் 4. லுட்விக்ஸ்ஹாஃபனுக்கு ஆறரை வருடம் முன்னால். அப்போது அதற்கு அந்தப் பெயர்கூட இல்லை, இடமும் ஜெர்மனி இல்லை, எல்லைக்கு அந்தப் பக்கம் பிரான்சின் அல்சாஸ் பகுதி. அது எப்படி ஜெர்மனியின் கதை ஆகிறது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் ஜெர்மானிய வானொலி அமைப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் ஊரில் ஆகாசவாணியைப் பார்த்துப் பழகியவர்கள், தனியார் இல்லையென்றால் அரசு வானொலிதான் என்று நினைத்துக்கொள்வோம். மேற்கு ஜெர்மனியில் அப்படி இல்லை. நாஜிகள் வானொலியை என்ன செய்தார்கள் என்று பார்த்த நேச நாடுகள், போருக்குப் பிறகு அதை அரசாங்கத்தின் கையில் கொடுக்கவே கூடாது என்பதில் உறுதியாக இருந்தன. பிபிசி மாதிரி, கேட்பவர்கள் கட்டும் கட்டணத்தில் நடக்கும் பொது நிறுவனங்களை மாநிலவாரியாக அமைத்தார்கள். கட்சிகள், தேவாலயங்கள், தொழிற்சங்கங்கள் எல்லாம் சேர்ந்த ஒரு குழு அவற்றை மேற்பார்வை செய்யும். 1950-இல் இந்த நிறுவனங்கள் ஏ.ஆர்.டி. என்ற கூட்டமைப்பாகச் சேர்ந்தன. ஃப்ரைபுர்க் இருக்கும் தென்மேற்குப் பகுதிக்கு பாடன்-பாடனில் இருந்து ஒலிபரப்பிய ஸ்யூட்வெஸ்ட்ஃபுங்க் நிறுவனம்.

தனியாருக்கு இடமில்லை என்ற நிலையை உறுதிப்படுத்தியது 1961 பிப்ரவரி 28 அன்று வந்த அரசியல் சட்ட நீதிமன்றத் தீர்ப்பு. அப்போதைய பிரதமர் அடினாவர், மத்திய அரசின் பிடியில் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் தொடங்கப் பார்த்தார். நீதிமன்றம் அதைத் தடுத்தது: ஒலிபரப்பு மாநிலங்களின் விஷயம், அரசின் பிடியில் போகக் கூடாது, அலைவரிசைகள் குறைவு, செலவும் அதிகம், அதனால் யார் வேண்டுமானாலும் பத்திரிகை தொடங்குவது போல வானொலி தொடங்க முடியாது. நல்ல தீர்ப்புதான். அடுத்த இருபது வருடத்துக்குக் கதவு மூடிக் கிடந்ததற்கும் அதுவே முக்கியக் காரணம்.

ஒரு சின்ன விலகல். ஜெர்மானியர்கள் தனியார் வானொலியே கேட்டதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ரேடியோ லக்சம்பர்க் 1957 முதல் ஜெர்மன் மொழியில் பாட்டும் விளம்பரமும் ஒலிபரப்பியது, லட்சக்கணக்கானோர் கேட்டார்கள். இன்னும் விசித்திரமானது ஐரோப்பா 1 என்ற பிரெஞ்சு வணிக வானொலி: அதன் நீண்ட அலை டிரான்ஸ்மிட்டர் நின்றது பிரெஞ்சு எல்லையை ஒட்டிய சார்லாந்து பகுதியில். 1955-இல் ஒலிபரப்பு தொடங்கியபோது சார்லாந்து பிரான்சின் ஆதிக்கத்தில் இருந்தது, 1957-இல் அது ஜெர்மனியோடு இணைந்த பிறகும் கோபுரம் அங்கேயே நின்று பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒலிபரப்பிக்கொண்டே இருந்தது, 2019 முடியும் வரை. ஆக, ஜெர்மன் மண்ணில் தனியார் கோபுரம் இருந்தது, ஜெர்மானியர்கள் கேட்கத் தனியார் நிகழ்ச்சியும் இருந்தது, இரண்டும் ஒரே இடத்தில் மட்டும் இல்லை.

சரி, இப்போது அந்த மூலைக்கு வருவோம்.

ரைன் நதி பாசல் நகரில் வடக்கே திரும்புகிறது. அங்கிருந்து நதிக்கு மேற்கே பிரான்சின் அல்சாஸ், கிழக்கே ஜெர்மனியின் பாடன், தெற்கே சுவிட்சர்லாந்து. மேற்கில் வோஜ் மலை, கிழக்கில் கருங்காடு எனப்படும் ஷ்வார்ட்ஸ்வால்ட் மலை, நடுவில் சமவெளி, அதற்குள் கைசர்ஸ்டூல் என்ற திராட்சைத் தோட்டக் குன்றுகள். மூன்று நாட்டிலும் கிராமத்து மக்கள் வீட்டில் பேசுவது அலெமானிக் என்ற ஒரே பேச்சுமொழியின் வகைகள். 1970-களில் மூன்று அரசாங்கங்களும் இந்தப் பள்ளத்தாக்கைத் தொழிற்பகுதி ஆக்கத் திட்டமிட்டன, நதி நெடுக அணுமின் நிலையங்கள் உட்பட.

எதிர்ப்பு முதலில் கிளம்பியது திராட்சை விவசாயிகளிடமிருந்து. குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து வரும் நீராவி மூடுபனியாகத் தேங்கினால் வெயில் குறையும், திராட்சை கெடும் என்பது அவர்கள் கவலை. 1974 செப்டம்பரில் அல்சாசின் மார்க்கோல்ஸ்ஹைமில் ஈயத் தொழிற்சாலை ஒன்று வரவிருந்த நிலத்தை இரு கரை மக்களும் சேர்ந்து பிடித்து உட்கார்ந்தார்கள், 1975 பிப்ரவரி 25 அன்று பிரெஞ்சு அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அந்த முற்றுகை கொடுத்த தைரியம் ஜெர்மன் கரையில் உள்ள வீல் கிராமத்தில் அதற்குள்ளேயே வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. அங்கே அணுமின் நிலையத்துக்கு நிலம் விற்கலாமா என்று 1975 ஜனவரியில் கிராமத்தில் வாக்கெடுப்பு நடந்து, 55 சதவீதம் பேர் விற்கலாம் என்றுதான் சொன்னார்கள் (இதையும் சொல்ல வேண்டும், ஊரே ஒரே குரலில் எதிர்த்தது என்பது சரியல்ல). பிப்ரவரி 18 அன்று எதிர்ப்பாளர்கள் இடத்தைப் பிடித்தார்கள். 20-ஆம் தேதி போலீஸ் தண்ணீர் பீரங்கிகளோடு வந்து அவர்களை வெளியேற்றியது. 23-ஆம் தேதி சுமார் 28,000 பேர் திரண்டு வந்து மறுபடி பிடித்தார்கள், பல மாதம் விடவே இல்லை. வீல் நிலையம் கட்டப்படவே இல்லை, இன்று அங்கே காடுதான் இருக்கிறது.

அந்த நாட்களில், வீலும் ஃப்ரைபுர்க்கும் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தின் முதல்வர் ஃபில்பிங்கர், வீல் நிலையம் வராவிட்டால் எழுபதுகள் முடிவதற்குள் மாநிலத்தில் விளக்குகள் அணையத் தொடங்கும் என்று சட்டமன்றத்தில் பேசினார். வானொலி அதை ஒலிபரப்பும், செய்தித்தாள் அதை அச்சடிக்கும். காட்டில் உட்கார்ந்திருந்த விவசாயிப் பெண்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு அந்த அளவு இடம் கிடைக்கவில்லை. அவர்கள் தாங்களே வழி தேடிக்கொண்டார்கள்: துண்டறிக்கை, பாட்டு, பிடித்த இடத்தில் கட்டிய மர வீட்டில் இயற்பியல், சட்டம், மருத்துவம் என்று வகுப்புகள் நடத்திய ஒரு மக்கள் பள்ளி. வானொலிக்கான மண் அங்கேதான் பண்பட்டது என்று நான் நினைக்கிறேன். தங்களுக்குத் தேவையான தகவலைத் தாங்களே திரட்டி, சரிபார்த்து, இரண்டு மூன்று மொழியில் சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். டிரான்ஸ்மிட்டர் மட்டும்தான் பாக்கி.

அதைக் கொண்டுவந்தது ஃபெசென்ஹைம். ஃப்ரைபுர்க்கிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில், ரைனின் பிரெஞ்சுக் கரையில் இருக்கும் அணுமின் நிலையம். வீலைத் தடுத்த மாதிரி இதைத் தடுக்க முடியவில்லை, முதல் உலை 1977-இல் இயங்கத் தொடங்கிவிட்டது. 1356-இல் பாசல் நகரையே தரைமட்டமாக்கிய நிலநடுக்கம் வந்த பகுதி அது, அதனால் பயம் வெறும் கற்பனை இல்லை. பிரான்சில் ஒலிபரப்பு முழுக்க அரசின் ஏகபோகம், அணுமின்சாரம் அரசின் கொள்கை. இரண்டும் சேர்ந்தால் உள்ளூர்க்காரரின் சந்தேகத்துக்கு அலைவரிசையில் இடமில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் பாடன்-பாடன் வானொலிக்கு ஃபெசென்ஹைம் வெளிநாட்டுச் செய்தி. ஒரே காற்றைச் சுவாசிக்கும், ஒரே பேச்சுமொழி பேசும் மக்களுக்கு மூன்று தனித்தனிச் செய்தி உலகங்கள் இருந்தன, ஒன்றில் நடப்பது மற்றொன்றுக்குத் தெரியாது.

வழி காட்டியது இத்தாலி. 1976 ஜூலையில் அங்கே அரசியல் சட்ட நீதிமன்றம், உள்ளூர் அளவில் அரசு வானொலியின் ஏகபோகம் செல்லாது என்று சொல்லிவிட்டது, நூற்றுக்கணக்கான சின்ன நிலையங்கள் முளைத்தன. பிரான்சிலும் காற்று மாறியது. 1977 மார்ச் 20, உள்ளாட்சித் தேர்தல் இரவு, தொலைக்காட்சி விவாதத்தில் உட்கார்ந்திருந்த சுற்றுச்சூழல் தலைவர் பிரிஸ் லலோந்த் ஒரு சின்ன டிரான்சிஸ்டரை எடுத்து வைத்து, இதோ பச்சை வானொலி கேட்கிறது என்று நாடே பார்க்க அறிவித்தார். அடுத்த சில வாரங்களில் பாரிஸில் ரேடியோ வெர்த் (பிரெஞ்சில் பச்சை வானொலி) என்ற பெயரில் திருட்டு ஒலிபரப்பு தொடங்கியது. அல்சாஸ்காரர்கள் அந்தப் பெயரோடு தங்கள் ஊர்ப் பிரச்சினையைச் சேர்த்துக்கொண்டார்கள்: ரேடியோ வெர்த் ஃபெசென்ஹைம். ஃபெசென்ஹைம் மின்சாரத்தைக் கொண்டுபோகும் மின்கம்பி வழியில், ஹைட்டெரன் என்ற ஊரில், கோபுரத்தைப் பிடித்துப் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. 1977 ஜூன் 4 அன்று முதல் ஒலிபரப்பு, பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான்.

ஏன் அவ்வளவு குறைவு? இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் இந்த வானொலியின் உருவமே இதிலிருந்துதான் வந்தது. திருட்டு டிரான்ஸ்மிட்டரைக் கண்டுபிடிக்கத் தபால் துறையிடம் திசையறியும் ஆன்டெனா பொருத்திய வண்டிகள் இருந்தன (அன்று ஜெர்மனியில் தொலைத்தொடர்பு முழுவதும் தபால் துறையின் பொறுப்பு). ஓர் இடத்தில் நின்று, அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று வரைபடத்தில் ஒரு கோடு போடுவார்கள். வேறோர் இடத்திலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் டிரான்ஸ்மிட்டர். கோடு போட்டு, மலைப்பாதையில் ஏறி, காட்டுக்குள் வந்து சேர நேரம் ஆகும். அதற்குள் நிகழ்ச்சியை முடித்து, ஆன்டெனாவைக் கழற்றி, பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட வேண்டும். அதனால் நேரடி ஒலிபரப்பு கிடையாது, வீடுகளில் பேசிப் பதிவு செய்த கேசட்தான் மலைக்குப் போகும். பேசுபவர் ஒருவர், சுமந்து செல்பவர் வேறொருவர். அப்படிப் பிரித்து வைத்ததால் ஒருவர் மாட்டினாலும் மற்றவர்கள் தப்பிப்பார்கள். பண்பலை அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும், உயரமான இடம் கிடைத்துவிட்டால் சின்ன டிரான்ஸ்மிட்டரே போதும். இரண்டு பக்கமும் மலை, நடுவில் திறந்த சமவெளி என்றால் கேட்க வேண்டுமா? வோஜ் மலைச் சரிவில் கார் பேட்டரியில் ஓடும் ஒரு பெட்டி ஃப்ரைபுர்க் வரைக்கும் கேட்கும். ஜெர்மன் தபால் துறை வண்டி எல்லையைத் தாண்ட முடியாது. பிரெஞ்சு அதிகாரிகள் துரத்தினால் அடுத்த முறை கைசர்ஸ்டூலிலிருந்தோ கருங்காட்டிலிருந்தோ ஒலிபரப்பலாம். மூன்று நாடுகளை எதிர்த்து நின்றதே அவர்களுக்குப் பாதுகாப்பாகவும் ஆனது.

சட்டம் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனியில் உரிமம் இல்லாமல் டிரான்ஸ்மிட்டர் இயக்கினால் ஐந்து வருடம் வரை சிறை என்று பழைய தொலைத்தொடர்புச் சட்டம் சொன்னது. பிரான்சில் 1978 ஜூலையில் திருட்டு ஒலிபரப்புக்கென்றே சிறைத் தண்டனையும் பெரிய அபராதமும் விதிக்கும் சட்டம் கொண்டுவந்தார்கள், அலைவரிசையில் இரைச்சலை ஏற்றிக் குலைப்பதும் நடந்தது. வாரம் ஒருமுறை பத்து இருபது நிமிடம் பேசுவதற்காக இந்த ஆபத்தில் இறங்கியவர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், விவசாயிகள், வீட்டுப் பெண்கள். தொழில்முறை வானொலிக்காரர் என்று சொல்ல அதிகம் பேர் இல்லை.

அவர்கள் பேசிய மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சு, ஜெர்மன், அலெமானிக் மூன்றும் கலந்து வந்தன. அல்சாசில் போருக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் பேச்சுமொழியை ஒதுக்கி வைத்திருந்தார்கள், பிரெஞ்சு பேசுவதுதான் நாகரிகம் என்று சொல்லி வளர்த்தார்கள். அப்படி வளர்ந்த பெண்மணி ஒருவர், கதிர்வீச்சு அளவையும் நிலநடுக்க அபாயத்தையும் அடுப்படியில் பேசும் மொழியிலேயே வானொலியில் கேட்கிறார் என்றால், அதில் பெரிய மரியாதை இருக்கிறது. தாய்மொழி வானொலி என்றால் பண்டிகைப் பாட்டும் கிராமத்து நகைச்சுவையும் மட்டும்தான் என்ற எண்ணத்தை இவர்கள் உடைத்தார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1981-இல் எல்லாம் மாறியது. மே 10 அன்று மித்தரான் பிரான்சின் அதிபராகத் தேர்வானார். சுதந்திர வானொலிகளை அனுமதிப்பதாக அவர் கட்சி சொல்லியிருந்தது, அனுமதியும் வந்தது. ரேடியோ வெர்த் ஃபெசென்ஹைமும் அந்த ஆண்டில் ரேடியோ ட்ரையெக்லாண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது, மூன்று நாட்டு முக்குப் பகுதி என்ற பொருளில். ஆனால் சட்டம் மாறியது நதியின் ஒரு கரையில் மட்டும். அல்சாசின் கொல்மார் நகரப் பக்கம் இருந்தவர்கள் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒலிபரப்பலாம், ஃப்ரைபுர்க் பக்கம் இருந்தவர்கள் அதே வேலைக்காகச் சிறை போகலாம். ஒன்றாகத் தொடங்கிய குழு இங்கேதான் மெல்லப் பிரிந்தது. சட்டபூர்வமானவர்களுக்கு வாடகை, கருவி, சம்பளம் என்று செலவு வந்தது, 1984-இல் பிரான்ஸ் உள்ளூர் வானொலிகளுக்கு விளம்பரத்தையும் அனுமதித்தது. ஃப்ரைபுர்க் குழுவுக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை, போலீஸ் கவலைதான்.

அதே 1981-இல் ஜூன் 16 அன்று ஜெர்மானிய அரசியல் சட்ட நீதிமன்றம், சார்லாந்து மாநிலச் சட்டம் ஒன்றைப் பற்றிய வழக்கில், தனியார் ஒலிபரப்பு அடிப்படையில் முடியும், பல தரப்புக் கருத்துகளும் வர வழி செய்யும் சட்டத்தை மாநிலங்கள் இயற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டது. இருபது வருடக் கதவு திறந்தது. ஆனால் அதற்காக வரிசையில் காத்திருந்தவர்கள் வேறு ஆட்கள்.

இந்த இடத்தில் வடக்கே ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவோம், பலர் கவனிக்காமல் விடும் தொடர்பு இது. 1976-இல் ஹாம்பர்க் அருகே புரோக்டோர்ஃப் என்ற இடத்தில் அணுமின் நிலையத்தை எதிர்த்துப் பெரிய போராட்டம், போலீசோடு மோதல். வட ஜெர்மனியின் பொது நிறுவனமான என்.டி.ஆர். அதைச் சொன்ன விதம் ஷ்லேஸ்விக்-ஹோல்ஸ்டைன் முதல்வர் ஷ்டோல்டன்பர்குக்குப் பிடிக்கவில்லை, போராட்டக்காரர் பக்கம் சாய்கிறது என்று குற்றம் சாட்டினார். 1978-இல் அந்த நிறுவனத்தை மூன்று மாநிலங்கள் சேர்ந்து நடத்தும் ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்வதாக அறிவித்தார், பக்கத்து மாநிலமும் அவரோடு சேர்ந்துகொண்டது. நிறுவனம் எப்படியோ பிழைத்தது, ஆனால் பொது வானொலிக்குப் போட்டி வேண்டும் என்ற எண்ணம் அவருடைய சி.டி.யு. என்ற பழமைவாதக் கட்சியில் வேரூன்றியது. மத்தியில் இருந்த சோஷல் டெமாக்ரட் பிரதமர் ஷ்மித் 1979-இல் கேபிள் திட்டங்களை நிறுத்தி வைத்தார். 1982-இல் சி.டி.யு.வின் கோல் பிரதமரானதும் அவருடைய தபால் அமைச்சர் ஷ்வார்ட்ஸ்-ஷில்லிங் நாடு முழுக்கக் கேபிள் போட ஆரம்பித்தார். பிறகு நடந்ததைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்: லுட்விக்ஸ்ஹாஃபன், மியூனிக், அப்புறம் செய்தித்தாள் முதலாளிகளின் பணத்தில் கீல் நகரிலிருந்து ரேடியோ ஷ்லேஸ்விக்-ஹோல்ஸ்டைன்.

ஆக, இரண்டு முனையிலும் அணுமின் நிலையச் சண்டை இருக்கிறது. தெற்கே போராடிய மக்களுக்குப் பொது வானொலி போதவில்லை, வடக்கே ஆட்சியில் இருந்தவர்களுக்கு அதே பொது வானொலி அதிகமாகிவிட்டது. இருவருமே மாற்று தேடினார்கள். ஒருவர் கையில் கேசட் இருந்தது, இன்னொருவர் கையில் சட்டமன்றப் பெரும்பான்மை. ஜெர்மனியில் தனியார் வானொலி வந்ததற்கு விளம்பரச் சந்தையும் தொழில்நுட்பமும்தான் காரணம் என்று மட்டும் எழுதுபவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஃப்ரைபுர்க்குக்குத் திரும்புவோம். 1980-81-இல் அந்த ஊர் வேறு ஒரு காரணத்துக்காகக் கொந்தளித்தது. காலியாகக் கிடந்த கட்டடங்களில் இளைஞர்கள் குடியேறினார்கள், டிரைசாமெக் என்ற இடத்தைப் போலீஸ் 1980 ஜூனில் காலி செய்ததும் ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். அணு எதிர்ப்பில் தொடங்கிய வானொலி இப்போது நகரத்தின் வானொலி ஆனது: வீட்டு வாடகை, போலீஸ், பெண்கள் இயக்கம், சிறைவாசிகள், வெளிநாட்டுத் தொழிலாளர்கள். ஊருக்குள்ளேயே கிரேத்தர் என்ற பழைய இயந்திரத் தொழிற்சாலை வளாகம் இருந்தது. இடிபட வேண்டிய அந்தக் கட்டடங்களை மக்களே எடுத்துச் சீர்படுத்தி வீடுகளாகவும் பட்டறைகளாகவும் ஆக்கிக்கொண்டிருந்தார்கள். (இன்று ஜெர்மனி முழுக்கப் பல கட்டடங்களைச் சந்தை விலையிலிருந்து காப்பாற்றி வைத்திருக்கும் மீட்ஸ்ஹாய்சர் சிண்டிகாட் என்ற கூட்டமைப்பும் இந்த வளாகத்துக்காரர்களிடமிருந்து வளர்ந்ததுதான்.) வானொலிக்கும் அங்கே இடம் கிடைத்தது.

1985-இல் அவர்கள் ஒளிந்து ஒலிபரப்புவதை விட்டு வெளிப்படையாக ஒலிபரப்பத் துணிந்தார்கள். மாநில அரசு தனியார் ஒலிபரப்புச் சட்டத்தை எழுதிக்கொண்டிருந்த ஆண்டு அது. சட்டம் வந்து அலைவரிசைகள் எல்லாம் பத்திரிகை முதலாளிகளுக்குப் போன பிறகு கேட்டால் கிடைக்காது, இப்போதே நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று காட்ட வேண்டும் என்பதுதான் கணக்கு. போலீஸ் வந்தது, கருவிகளைப் பறிமுதல் செய்தது, நகரத்தில் ஊர்வலங்கள் நடந்தன, ஆதரவாளர்கள் சங்கம் வளர்ந்தது. காட்டில் ஒளிந்து பேசிய நிலையத்தை ஊரே பார்த்துவிட்டது, அதன்பின் அதைக் குற்றவாளிக் கூட்டமாகக் காட்டுவது அரசுக்கு எளிதாக இல்லை.

1986 ஏப்ரல் கடைசியில் செர்னோபில் வெடித்தது. ஜெர்மன் கரையில் கீரை சாப்பிடாதீர்கள், குழந்தைகளை மணலில் விளையாட விடாதீர்கள் என்று எச்சரிக்கை. நதிக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சு அதிகாரிகள் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஒரே மேகம், ஒரே மழை, பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் ஒரு விதி. எல்லைக்கு இரு பக்கமும் உள்ளவர்கள் ஒருவரையொருவர் கேட்க வேண்டும் என்று 1977-இல் சொன்னவர்கள் எவ்வளவு சரியாகச் சொன்னார்கள் என்பது அந்த வாரங்களில் எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலச் சட்டம் 1986 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. உரிமத்துக்கு விண்ணப்பிப்பதா என்று சுதந்திர வானொலி இயக்கத்துக்குள் பெரிய விவாதம் நடந்தது. அரசிடம் அனுமதி கேட்டால் நாம் யார் என்று கேட்டவர்களும் இருந்தார்கள், பதினைந்து நிமிடக் கேசட்டை வைத்துக்கொண்டு ஒரு நகரத்தோடு பேச முடியாது என்றவர்களும் இருந்தார்கள். இரண்டாவது தரப்பு சொன்னது சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1988 முதல் ரேடியோ ட்ரையெக்லாண்ட் ஃப்ரைபுர்க்கில் 102.3 மெகாஹெர்ட்ஸில் சட்டபூர்வமாக ஒலிபரப்பாகிறது. இன்றும் அதே அலைவரிசை, அதே கிரேத்தர் வளாகம்.

உரிமம் கிடைத்த பின்பும் அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்ட ஒன்று விளம்பரம் வேண்டாம் என்பது. ஆதரவாளர்களின் சந்தா முக்கிய வருமானம், பிறகு ஒலிபரப்புக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கும் மாநில ஊடக ஆணையம் வழியாகக் கிடைக்கிறது. பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். ஜெர்மன் தவிர வேறு பல மொழிகளிலும் அந்தந்தச் சமூகத்தாரே நிகழ்ச்சி செய்கிறார்கள். சட்டப்படி இதுவும் தனியார் வானொலிதான், ஆனால் விற்க எதுவும் இல்லாத தனியார். பிற ஊர்களிலும் இதே வழியில் நிலையங்கள் வந்தன, நூரம்பர்க்கின் ரேடியோ இசட் 1987-லேயே தொடங்கிவிட்டது, 1993-இல் இப்படிப்பட்ட நிலையங்கள் சேர்ந்து ஒரு தேசியக் கூட்டமைப்பு அமைத்தன.

அரசோடு உரசல் முடிந்துவிடவில்லை. 2023 ஜனவரி 17 அன்று போலீஸ் இந்த நிலையத்தின் அலுவலகத்தையும் அதன் பத்திரிகையாளர்கள் இருவரின் வீடுகளையும் சோதனையிட்டது. தடை செய்யப்பட்ட ஓர் இடதுசாரி இணையதளத்தின் பழைய பதிவுகளுக்கு ஒரு செய்தியில் இணைப்புக் கொடுத்திருந்தார்கள் என்பதுதான் காரணம். அந்தச் செய்தியை எழுதியவர் மேல் வழக்கு நடந்தது, 2024 ஜூனில் கார்ல்ஸ்ரூஹ நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஒரு இணைப்பு கொடுப்பது இதழியலா, தடை செய்த அமைப்புக்கு உதவியா என்ற கேள்வியை ஜெர்மனியின் பெரிய பத்திரிகைகளும் கவலையோடு கவனித்தன.

ஃபெசென்ஹைம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2020 பிப்ரவரியில் ஒரு உலையும் ஜூன் கடைசியில் மற்றதும் நிரந்தரமாக நிறுத்தப்பட்டன. முதல் ஒலிபரப்பிலிருந்து கணக்கிட்டால் 43 வருடம்.

கடைசியாக, இதைப் பற்றி மேலும் தேடிப் படிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. ரேடியோ ட்ரையெக்லாண்ட் என்று இணையத்தில் தேடினால் இரண்டு நிலையங்கள் வரும். ஒன்று ஃப்ரைபுர்க்கினுடையது, இதுவரை சொன்ன கதை அதனுடையது. மற்றது அல்சாசில் இருக்கிறது, 1981-க்குப் பிறகு பிரெஞ்சுக் கரையில் தனி வழியில் போனவர்களின் தொடர்ச்சி, இன்று பெரும்பாலும் ஜெர்மன் ஜனரஞ்சகப் பாடல்களும் உள்ளூர்ச் செய்தியும் விளம்பரமும் கொண்ட இசை வானொலி. இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதப்பட்ட குறிப்புகளும் கண்ணில் படும், அதனால் எந்த நகரம் என்று பார்த்துக்கொண்டு படியுங்கள்.